பூட்டினால் அடி விழும்

ரபீக்காவுக்கு ஒதுக்கப்பட்டது கோடியில் இருந்த மண்டபம். மின்விசிறி சுற்றாது, சுற்றினால் கத்தும். அதைக்கூடச் சண்டை பிடித்துத்தான் வாங்கினாள். கணினித் துறையில் படிப்பிக்கும் அவள், கணினிப் பாதுகாப்பை எல்லாப் பீடத்துப் பிள்ளைகளுக்கும் பொதுப்பாடமாக வைக்க வேண்டும் என்று வளாகக் கூட்டத்தில் கேட்டபோது, அங்கே இருந்த பெரிய மனிதர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் அவளுடைய துறைத் தலைவர் முனாப்.

"சித்த வைத்தியம் படிக்கிற புள்ளைக்கு ரெண்டு பக்கம் டைப் பண்ணத் தெரிஞ்சாக் காணும். மிச்சம் நம்மட வேல" என்றார் அவர். மொழித்துறைக்காரர் ஒருவர், ஊரெல்லாம் ஷெல் விழுகிறது, இவ வைரஸுக்குப் பயப்படுகிறா என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. கடைசியில், தொல்லை விட்டால் போதும் என்று சனிக்கிழமைக் காலையையும் அந்த மண்டபத்தையும் கொடுத்தார்கள்.

அது இரண்டாயிரத்து ஏழு. எந்த வீட்டு வாசலில் எந்த வெள்ளை வான் வந்து நின்று ஆளை ஏற்றும் என்று திருகோணமலையில் ஒருவருக்கும் தெரியாத காலம். ஒரு பெயர் பிழையான கையில் கிடைத்தால் ஓர் ஆள் காணாமற் போவார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. கணினிக்குள் கிடப்பதும் அதே பெயர்தான் என்பது மட்டும் படித்த மண்டைகளுக்குள் ஏறவில்லை. ரபீக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் கிண்ணியாத் துறையில் படகுப்பாதையில் ஏறிக் கடலைக் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, நிலாவெளி வீதியில் இருந்த வளாகத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள்.

முதல் வகுப்பில் புத்தகத்தில் உள்ளபடியே படிப்பித்தாள். கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள், எவருக்கும் சொல்லாதீர்கள், எதையும் பூட்டாமல் விடாதீர்கள். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். அடுத்த கிழமை கேட்டால் ஒருவரும் வைக்கவில்லை. போனுக்குமில்லை, கணினிக்குமில்லை.

"நான் இங்க சுவருக்கா படிப்பிச்சனான்?" என்று அவள் சத்தம் போட்டாள். "ஒரு ஆளாவது எழும்பிச் சொல்லுங்க, ஏன் வைக்கல்ல?"

சமூகவியல் இறுதியாண்டுப் பிள்ளை ராசமலர் எழுந்தாள். வெருகல் பக்கத்துப் பிள்ளை. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அவள் மட்டும் வளாக விடுதியில் இருந்ததால் தப்பினாள்.

"மிஸ், பூட்டினா அடி விழும்."

"என்ன கதை இது?"

"எங்கட ஊர்ல செக்கிங் எண்டா, ஆமிக்காரங்க வாறதுக்கு முதலே கதவு, அலுமாரி, ட்ரங்குப் பெட்டி, அரிசிப் பானை எல்லாத்தையும் திறந்து வைச்சிட்டு முத்தத்தில போய் நிப்பம். பூட்டி இருந்தா உடைப்பாங்க, உடைச்ச கையோட அடிப்பாங்க. உள்ளுக்க பழைய சாரிதான் கிடந்தாலும் அடிதான். போனும் அப்பிடித்தான் மிஸ். திறக்கச் சொல்லுவான். நம்பர் அடிக்கக்குள்ள விரல் நடுங்கும். ஏன் நடுங்குது எண்டு கேப்பான்."

எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் அது.

ரபீக்கா மேசையைப் பார்த்தாள். அவளுடைய கைப்பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காலையில் துறைமுகச் சோதனைச் சாவடிக்குக் கிட்டப் போகும்போதே, கேட்கும் முன்னமே, அவளுடைய கை போய் ஸிப்பை இழுத்துத் திறந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான். இத்தனை காலமும் அதை அவள் கவனித்ததே இல்லை. இப்போது வந்த கோபம் பிள்ளைகள் மேல் வந்ததல்ல. அந்தப் புத்தகத்தை எழுதியவனை எவனும் முற்றத்தில் நிறுத்திவைத்திருக்க மாட்டான். பூட்டுப் போட்டால் அடி விழாத ஊரில் இருந்துகொண்டு, பூட்டு, பூட்டு என்று எழுதித் தள்ளியிருக்கிறான். அதைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பிள்ளைகளின் தலையில் கட்டப் பார்த்தவள் அவள். புத்தகத்தை மூடிப் பையின் அடியில் திணித்தாள்.

"சரி. திறக்கச் சொல்லுவாங்க, நாம திறப்பம். அதில மறுகதை இல்ல. திறந்தா உள்ளுக்க என்ன இருக்கக்கூடா? அதுதான் இனிப் பாடம். உங்கட உங்கட படிப்பில, ஒரு மனிசன்ட உயிருக்கு உலை வைக்கிற சாமான் என்ன கிடக்கு எண்டு தேடிப் பாத்துட்டு வாங்க."

தேடிக்கொண்டுதான் வந்தார்கள். சித்த வைத்தியப் பிள்ளை ஒன்று, காயக்காரருக்கு மருந்து கட்டிய விபரம் முழுவதும், எந்தக் காயம், எந்த ஊர் என்று, ஆய்வுகூடக் கணினியில் கிடக்கிறது என்றது. முகாமைத்துவப் பிள்ளை, சுனாமி வீட்டுத்திட்டத்துப் பயிற்சியில் தாங்கள் வீடு வீடாகப் பதிந்த தகவலில் எந்த வீட்டு மகன் ஊரில் இல்லை என்பதும் இருக்கிறது என்றான். தமிழ் படிக்கும் பையன் ஒருவன் தன்னிடம் காதல் கவிதை மட்டும்தான் இருக்கிறது என்றதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "அந்தப் பிள்ளையின்ர அண்ணன் இயக்கத்தில, மிஸ். கவிதையில அவளின்ர பேர் இருக்கு" என்றான்.

ராசமலர் எல்லாரும் போகும்வரை நின்று, பிறகுதான் கிட்ட வந்தாள்.

அவளும் சமூகவியல் பிள்ளைகள் சிலரும் தம்பலகாமத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்த இடம்பெயர்ந்த சனங்களிடம் போய், பறிகொடுத்தவர்களின் கதைகளைப் பதிந்துகொண்டு வந்திருந்தார்கள். யாரை வான் வந்து ஏற்றியது, யாரை இயக்கம் இழுத்துக்கொண்டு போனது, எல்லாமே இருந்தது. இரண்டு பக்கத்தாருக்கும் பிடிக்காத கதைகள். குரல், எழுத்து, படம் முழுவதும் அவர்களின் விரிவுரையாளர் கனகசிங்கத்தின் கணினியில், ஆளின் பெயரும் ஊரும் தலைப்பாகப் போட்டு, திறந்தபடி கிடந்தன. இலட்சுமி என்ற பெண், தன் மகனைக் கொண்டுபோனவர்களில் ஒருவனை முகம் பார்த்தவள். அவனுடைய பெயரையும் சொல்லியிருந்தாள்.

"அவ என்ட ஊர்தான் மிஸ். என்னை நம்பித்தான் சொன்னவ. அது ஆரின்ட கண்ணிலயும் பட்டா, அவ அந்தப் பள்ளிக்கூடத்தில இருக்கமாட்டா."

ரபீக்கா அப்போதே கனகசிங்கத்தின் அறைக்குப் போனாள். கதவு அகலத் திறந்திருந்தது. அலுமாரியும் திறந்திருந்தது. அவர் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், அந்தப் பேர்களை எடுத்துப்போடுங்க. இலக்கம் போடுங்க. இல்லாட்டி ஒண்டும் போடாதீங்க."

"ஏன்?"

"செக்கிங் வந்தா?"

"வரட்டும். எங்களிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? மறைச்சாத்தான் சந்தேகம் வரும்."

"உங்களிட்ட மறைக்க ஒண்டும் இல்ல சேர். அந்தச் சனத்துக்கு இருக்கு."

அவர் கோப்பையை வைத்தார். அவரும் ஒன்றும் லேசுப்பட்ட ஆளல்ல. "மிஸ், பேரில்லாமச் செத்த சனம் காணும். இத்தனை பேர் செத்தவை, இத்தனை பேரைக் காணேல்ல எண்டு இலக்கம் போடத்தான் எல்லாருக்கும் தெரியுமே. நான் பேரோடதான் எழுதுவன். நீங்கள் கொம்பியூட்டர் ஆள். உங்கட வேலை கொம்பியூட்டரைப் பாக்கிறது. என்ர பாடத்தில கை வைக்காதையுங்கோ."

அந்தப் பேச்சில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. முழுதும் மடைத்தனமாக இருந்திருந்தால் ஒரு ஏச்சோடு வந்திருப்பாள். வாசலில் திரும்பி நின்று, "இது உங்கட பாடமும் இல்ல, என்ட பாடமும் இல்ல. அவட கழுத்து" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அறை அறையாகச் சொன்னார். மறுநாள் காலை சீருடைக்காரர்கள் வந்து வளாகத்துக் கணினிகள் முழுவதையும் பார்ப்பார்களாம். எல்லாரும் அறைகளைத் திறந்து வைக்க வேண்டுமாம். கணினித் துறை ஆள் ஒருவர் கூடப் போக வேண்டுமாம். முனாப், தனக்குச் சீனி வருத்தம், நடக்க ஏலாது என்று சொல்லி அந்த வேலையை ரபீக்காவின் தலையில் போட்டார்.

ரபீக்கா ஆணி கழற்றும் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கனகசிங்கம் திரையைப் பார்த்தபடி இருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"அழிக்கிறன்" என்றார் அவர். "எல்லாத்தையும் டிலீற் பண்ணுறன்."

"அழிச்சாலும் அழியாது சேர். தெரிஞ்சவன் இருந்து தோண்டினா எல்லாம் எழும்பி வரும்."

"அப்ப ஒரு சீடியில போட்டுத் தாங்கோ. நான் கொண்டு போறன்."

"எதுக்குள்ள வைச்சு? வாசல்ல ஆமிச் சென்றி நிக்குது. இப்பவே எல்லாருடைய பையும் திறந்து கிடக்கு."

அவருக்குப் புரிந்தது. எழுந்து வந்து, கணினிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இதுக்க இருக்கிறது அந்தச் சனத்துக்கு மிஞ்சின ஒரே சாட்சி, மிஸ். இதை உங்களிட்டத் தரமாட்டன்."

"நீங்க எனக்குத் தர வேணாம். நாளைக்கு அவங்களுக்குக் குடுங்க. தேத்தண்ணியும் ஊத்திக் குடுங்க."

கத்திக் கத்திப் பேசினார்கள். எவ்வளவு கத்தினாலும் அந்தக் கை அசையவில்லை. சத்தம் கேட்டு ராசமலர் உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"கையை எடுங்கோ சேர்."

"மலர், உம்மட ஆய்வும் இதுக்கதான் கிடக்கு."

"தெரியும் சேர். இலட்சுமி அக்கா சொன்னது என்னட்ட. உங்களிட்ட இல்லை. கையை எடுங்கோ."

அவர் எடுத்தார். யன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ரபீக்கா ஆணிகளைக் கழற்றி ஹாட் டிஸ்க்கை உருவினாள். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் வேலிக்குக் கிடங்கு தோண்டும் கூர் இரும்பு அலவாங்கு ஒன்று சாத்திக் கிடந்தது. அதனால் குத்தினாள். இரும்பு ஓடு நெளிந்து, உள்ளே கண்ணாடி போல மினுங்கிய தட்டுகள் மடங்கும்வரை குத்தினாள். முனாப்பை நினைத்துக் குத்தினாள், கூட்டத்தில் சிரித்தவர்களை நினைத்துக் குத்தினாள், திறக்கச் சொல்பவனையும் திறந்து கொடுக்கப் பழகிய தன்னுடைய கையையும் நினைத்துக் குத்தினாள். மிஞ்சியதை ராசமலர் பொறுக்கி, சோறு வேகும் அடுப்புக்குள் போட்டாள்.

அப்போதுதான் ரபீக்காவுக்கு உறைத்தது. உள்ளே ஒன்றுமில்லாத கணினியைக் கண்டால் அவர்கள் சும்மா போவார்களா? அதைவிடப் பெரிய பூட்டு எது? நல்ல காலம், சுனாமி உதவியாக வந்த கணினிகள் எல்லாம் ஒரே அச்சு. கணினிக் கூடத்தில் முதலாம் வருடப் பிள்ளைகள் தட்டச்சுப் பழகிய ஒன்றிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்து, கனகசிங்கத்தின் பெட்டிக்குள் பொருத்தினாள். டிஸ்க் இல்லாமற் போன கணினியைப் பழுதானவற்றோடு தூக்கிப் போட்டாள்.

மறுநாள் காலை வந்தார்கள். ரபீக்கா கூடவே நடந்தாள். கனகசிங்கத்தின் அறையில் அலுமாரி திறந்திருந்தது, மேசை லாச்சி திறந்திருந்தது. தமிழ் ஓரளவு தெரிந்த அதிகாரி ஒருவன் அவருடைய கதிரையிலேயே இருந்து கணினியைத் திறந்தான். தலையிடி காரணமாக விடுமுறை கோரும் கடிதம். அதே கடிதம் வேறு எழுத்துருவில். எங்கள் வீட்டு மாடு பற்றி ஒரு கட்டுரை.

"இது என்ன?"

கனகசிங்கம் தொண்டையைச் செருமினார். "என்ர ஆராய்ச்சி."

"மாடு?"

"ஓம்."

அதிகாரி சிரித்தான். மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். இருபது வருடமாகப் படிப்பித்த மனிதர் தன்னுடைய அறையிலேயே நின்றபடி அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டார். பிறகு அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"சேர் தம்பலகாமம் ஸ்கூலுக்குப் போறது தானே. நிறைய நாள் போனது. சனம் என்ன சொன்னது?"

எதையும் மறைத்துப் பழகாத வாய் கனகசிங்கத்தினுடையது. அவர் ரபீக்காவைப் பார்க்கவில்லை, கணினியையும் பார்க்கவில்லை.

"ஒண்டும் சொல்லேல்ல" என்றார்.

"ஒண்டும்?"

"சனம் ஒண்டுமே சொல்லேல்ல."

அதிகாரி எழுந்து அடுத்த அறைக்குப் போனான்.

எல்லாம் முடிந்து வாகனங்கள் போன பிறகு ரபீக்கா திரும்பி வந்தாள். நன்றி சொல்லலாம் என்றுதான் வந்தாள். கனகசிங்கம் அவளைக் கண்டதும் வெடித்தார்.

"மாட்டை என்ர ஆராய்ச்சி எண்டு சொன்னது எனக்குப் பெரிசில்லை, மிஸ். அந்தச் சனம் அழுது அழுது சொன்ன கதை. ஒண்டுமே சொல்லேல்ல எண்டு என்ர வாயாலயே சொல்ல வைச்சுப்போட்டீங்கள்."

"அவ உயிரோட இருக்கா, சேர். உயிரோட இருக்கிற ஆளிட்டத் திரும்பப் போய்க் கேக்கலாம்."

"அப்ப நீங்களும் வாங்கோ. எரிச்சது நான்தான் எண்டு நீங்களே அவவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"வாறன்" என்றாள் ரபீக்கா. வீம்புக்குத்தான் சொன்னாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்து, ராசமலர் ஊர்ச் சனத்துக்குக் கோதுமை மா, சவர்க்காரம் கொண்டு போகும் சாட்டில் மூன்று பேரும் போனார்கள். பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நின்றவர்கள் பைகளைக் கிண்டினார்கள். இலட்சுமி வகுப்பறை ஒன்றில், சாரியால் மறைப்புக் கட்டிய மூலையில் இருந்தாள். நாற்பதைத் தாண்டாத முகம். ரபீக்கா நடந்ததைச் சொன்னாள். செக்கிங் வந்ததையும் பெயர் அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் வகுப்பில் விளக்குவது போலத் தெளிவாகச் சொன்னாள். நல்ல காலம் என்று அந்தப் பெண் பெருமூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்தாள்.

இலட்சுமி ராசமலரைத்தான் பார்த்தாள். "என்ட புள்ளைட பேரையும் சேத்தா எரிச்ச நீங்க?"

"உங்கட உயிருக்காகத்தான்" என்றாள் ரபீக்கா.

"என்ட உயிரை ஆர் உங்களிட்டக் கேட்ட?" இலட்சுமியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ரபீக்காவால் தாங்கியிருக்க முடியும். "பேரைச் சொல்லக்குள்ள எனக்குத் தெரியாதா என்ன வரும் எண்டு? தெரிஞ்சுதான் சொன்னனான். அவனைக் கொண்டு போனதுக்கு எங்கயாவது ஒரு இடத்தில எழுத்துக் கிடக்கட்டும் எண்டுதான் சொன்னனான். இந்த சேர் அதைத் திறந்து போட்டு வைச்சிருக்கார். நீங்க குத்தி எரிச்சிருக்கீங்க. ரெண்டு பேரும் படிச்ச ஆக்கள். ஒராளாவது வந்து, இலட்சுமி, உனக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டீங்களா?"

ரபீக்கா பெயரைப் பற்றிக் கனகசிங்கத்தோடு அத்தனை சண்டை பிடித்தாள், கழுத்தைப் பற்றியும் பிடித்தாள். கழுத்துக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சித்த வைத்தியத்துக்கு, முகாமைத்துவத்துக்கு, தமிழுக்கு என்று எல்லாருக்கும் படிப்பிக்கப் புறப்பட்டவளுக்கு இது புத்தகத்திலும் இருக்கவில்லை, மண்டையிலும் இருக்கவில்லை. வெட்கமும் கோபமும் சேர்ந்து அவளுடைய முகத்தைச் சுட்டன. கோபம் முழுவதும் அவள் மேலேயே வந்தது.

"பிழைதான்" என்றாள். "கேட்டிருக்க வேணும். இப்ப கேக்கிறன். என்ன செய்யச் சொல்றீங்க?"

இலட்சுமி மறைப்புச் சாரியை இழுத்துவிட்டாள்.

"இருங்க. மூண்டு பேரும் இருங்க. பேனை ஒண்டும் எடுக்காதீங்க. மெசினத் திறப்பானுகள், பையத் திறப்பானுகள். உங்கட மண்டையத் திறக்கட்டும் பாப்பம். நான் சொல்லச் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லணும்."

மூன்று பேரும் சீமெந்து நிலத்தில் இருந்தார்கள். அவள் சொன்னாள். மகனின் பெயர் வேலன். கோயில் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தான். தோளில் ஈரத் துவாய். அவன் போட்டிருந்த சேர்ட் என்ன நிறம், வந்தவர்கள் எந்தப் பக்கத்தால் வந்தார்கள், எதில் வந்தார்கள், அவளுக்கு முகம் தெரிந்தவனின் பெயர் என்ன, கையைப் பிடித்தபோது மகன் என்ன சொன்னான். சொல்லும்போது அவள் அழவில்லை. ராசமலர் திருப்பிச் சொன்னாள். கனகசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் விடாமல் சொன்னார்.

ரபீக்காவின் முறை வந்தது. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தவள், "நீலச் சேர்ட்" என்றாள்.

"பிழை" என்றாள் இலட்சுமி. "வெள்ளையில நீலக் கோடு. நான்தான் தைச்சுக் குடுத்தனான். முதல்ல இருந்து சொல்லுங்க."

ரபீக்கா முதலிலிருந்து சொன்னாள்.